முதல் 200 கிலோமீட்டர்: ஒரு பட்டு வியாபாரி போட்ட கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போலத்தான், சாரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா! காப்பி ஆறுவதற்குள் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் என்னிடம் பிளஸ் டூவில் வரலாறு படித்த மாணவி ஒருவர் போன் செய்தார். பிள்ளையார்பாளையத்தில் தறிக் குடும்பம். வயது 43. வருகிற தை மாதத்தில் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கப் போகிறாராம். "வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க சார். மருமகன் எடுக்கப் போற வயசுல சைக்கிளான்னு கேக்கறாங்க. நீங்க சரித்திர வாத்தியார்தானே, எனக்கு முன்னாடி என்னை மாதிரி ஆளுங்க யாராவது செஞ்சிருக்காங்களா, சொல்லுங்க" என்றார்.

நல்ல கேள்வி. போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 200 கிலோமீட்டர் என்ன என்று பார்ப்போம். இந்தப் பயணத்துக்கு 'பிரெவே' என்று பெயர். பிரெஞ்சுச் சொல். இது பந்தயம் கிடையாது, முதல் பரிசு இரண்டாம் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பத்து மணி நேரத்தில் வந்தவருக்கும் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். இதை முடித்தவர்கள் அடுத்து 300 (20 மணி நேரம்), 400 (27 மணி நேரம்), 600 (40 மணி நேரம்) என்று போகலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 200-ஐ 13.5-ஆல் வகுத்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை. நடப்பவரின் வேகத்தைப் போல மூன்று மடங்கு, அவ்வளவுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு மூன்றரை மணி நேரம் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் மீதம் இருக்கும். ஆக, வேகம் இங்கே பெரிய பிரச்சினை கிடையாது. நாள் முழுக்க விடாமல் மிதிக்க உடம்பு பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஒரு பட்டு வியாபாரி. ஆச்சரியமாக இருக்கிறதா?

நம் ஊர்த் தறிகளின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய கருவி அது. அந்த லியோனுக்குப் பக்கத்திலேயே செயின்ட் எத்தியென் என்று இன்னொரு நெசவு ஊர். பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர்போனது. பிறகு பிரான்சின் சைக்கிள் தொழிலுக்கே தலைநகரமாக ஆனதும் அதே ஊர்தான். தறி இருந்த தெருவில் சைக்கிள் பட்டறை வந்தது.

அந்த ஊரில் பட்டு வியாபாரம் செய்தவர் பால் தெ விவி. 1853-இல் பிறந்தவர். முப்பது வயதை நெருங்கும்போதுதான் முதல் சைக்கிளையே வாங்கினார். அந்தக் காலத்து சைக்கிள் என்றால் முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டளவு. விழுந்தால் பல் போகும். அதில் ஏறிய மனிதர் இறங்கவே இல்லை. 1887-இல் சைக்கிள் கடை வைத்தார், சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பட்டு வியாபாரம் போய் சைக்கிளே பிழைப்பாகிவிட்டது.

அவர் காலத்தில் நெடும்பயணம் என்றால் அது பந்தய வீரர்களின் வேலை. 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயம் முதன்முதலாக நடந்தது. சார்லஸ் தெரோன் என்ற வீரர் தூங்காமலே ஓட்டி மூன்று நாளுக்குள் முடித்து வென்றார். ஊரே கொண்டாடியது. ஆனால் கடை வைத்திருப்பவரும் ஆலையில் வேலை செய்பவரும் அதைப் பார்த்துக் கை தட்டலாம், செய்து பார்க்க முடியுமா? முடியும் என்றார் வெலோசியோ. தானே ஓட்டிப் பார்த்து, எங்கே களைத்தோம், ஏன் களைத்தோம் என்று குறித்துவைத்துப் பத்திரிகையில் எழுதினார்.

அவர் சொன்ன புத்திமதிகளின் சாரம் இது. பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். ஓய்வு குறைவாக, குறுகியதாக இருக்க வேண்டும், தாளம் கெடக்கூடாது. முதல் சில மணி நேரத்தில் உடம்பில் வலு இருக்கிறதே என்று முடுக்கக்கூடாது. சாப்பாடு இறங்காத, தூக்கம் வராத அளவுக்குக் களைத்துப்போகக் கூடாது. குளிர்வதற்கு முன் போர்த்து, வியர்ப்பதற்கு முன் கழற்று. சவாரியின்போது மதுவும் புகையும் வேண்டாம். கடைசியாக, வீம்புக்காக ஓட்டாதே. அவர் சைவ உணவுக்காரர் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கூடுதல் தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

இதில் நம் ஊருக்குப் புதிது ஏதாவது இருக்கிறதா? குழித்தறியில் உட்காருகிறவரைப் பாருங்கள். காலையில் உட்கார்ந்ததும் வேகவேகமாக அடிப்பாரா? அடித்தால் இழை அறும். மதியத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரே தாளத்தில் மிதித்து, ஒரே தாளத்தில் நாடா ஓட்டி, அன்றைக்கு இத்தனை முழம் என்று மனதில் வைத்துக்கொண்டு நெய்வார். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரு புடவை தறியிலிருந்து இறங்கும். தறியிலும் மிதிதான், மிதிவண்டியிலும் மிதிதான். இரண்டுக்கும் பாடம் ஒன்றே.

வெலோசியோ இன்னொரு விஷயத்துக்காகச் சண்டை போட்டார். மேட்டில் ஏறும்போது எளிதாக மிதிக்க கியர் மாற்றும் வசதி வேண்டும் என்றார். பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சு அதைக் கேலி செய்தார். அதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதினார். அவருடைய பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்க 1937 வரை ஆனது. இன்றைக்குப் பந்தய வீரர்கள் எல்லாரும் கியர் வைத்த வண்டியில்தான் போகிறார்கள். ஆக, வயதானவர்களுக்கு என்று சிரித்த பொருள்தான் கடைசியில் வென்றது. சிரிக்கிற உறவினர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்!

வெளிநாட்டுக் கதை போதும், நம் நாட்டுக்கு வருவோம்.

1923 அக்டோபர் 15. பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். எல்லாரும் அங்கே ஒரு பளு தூக்கும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பஞ்சாப், பலுசிஸ்தானம், ஈரான், ஈராக் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா என்று போய், பர்மா வழியாகத் திரும்பினார்கள். முழுச் சுற்றையும் முடித்தவர்கள் மூன்று பேர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. 1928 மார்ச் 18-இல் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். பிற்பாடு அவர்கள் எழுதிய பயண நூலுக்கு நேரு முன்னுரை எழுதினார்.

71,000 என்றதும் மலைப்பாக இருக்கும். வகுத்துப் பாருங்கள். நாலு வருடம் ஐந்து மாதம், அதாவது 1,616 நாள். ஒரு நாளைக்குச் சராசரி 44 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து வந்தவாசி போகிற தூரம். நோய், மழை, கப்பலுக்குக் காத்திருந்த நாள் எல்லாம் இதில் அடக்கம். சில நாள் நூறு போயிருப்பார்கள், சில நாள் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார்கள். பளு தூக்கிய தோள் பாலைவன மணலில் வண்டியைத் தள்ள உதவியிருக்கும். ஆனால் உலகத்தைச் சுற்றிவந்தது தினசரி அளவுதான்.

சரி சார், அவர்கள் இளைஞர்கள், ஆண்கள் என்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு இயக்கம்தான். ஆனால் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அதை இயக்கத்தின் அங்கமாகவே ஆக்கினார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் மாலை நேரத்தில் மைதானத்துக்கு வந்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டினால் ஊர் பேசும் என்ற காலம் அது. பேசத்தான் செய்தது. இவர்கள் ஓட்டத்தான் செய்தார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்து, புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலமாகப் போனார்கள். அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, நாடே தெரிந்துகொண்டது.

அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. பல பெண்கள் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின் கேரியரில் தண்ணீர்க் குடம். கம்பீரத்துக்காக அல்ல, கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும், கூட்டிப்போக ஆண்பிள்ளைக்குக் காத்திருந்த நேரமும் மிச்சமாயிற்று.

பிறகு 2001-இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிளஸ் ஒன் மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, படிப்படியாக அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிவாக்கியது. எங்கள் பள்ளி மைதானத்தில் புது வண்டிகள் வரிசையாக நின்ற காட்சியை மறக்க முடியாது. ஆனால் ஒன்றையும் கவனித்திருக்கிறேன். பிளஸ் டூ முடிந்ததும் பெண்பிள்ளையின் சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சைக்கிளில் ஏறுவதையே பார்க்க முடியாது. கால் மறந்துவிடவில்லை. நேரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் பயிற்சியின் உண்மையான சிக்கல் இருக்கிறது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வந்தால்தான் கற்றுக்கொண்டோம். எனக்கு என் சித்தப்பா ஓடி வந்தார். புதுக்கோட்டையில் லட்சம் பேர் கற்றுக்கொண்டது பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் இயக்கம் இருந்ததால். வெலோசியோவுக்குச் சொந்தக் கடை, சொந்த நேரம். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை எடுக்கும் ஒரு பெண்ணுக்கு, அன்றைக்கு இட்லி ஊற்றவும், தார் சுற்றவும், பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிக்கவும் வேறு கை வேண்டும். அந்தக் கையைக் கொடுப்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். இதை வீட்டு ஆண்களுக்கும், கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும்தான் சொல்கிறேன்.

இனி நடைமுறை. ஆவணி பிறந்துவிட்டது. தை பிறக்க ஐந்து மாதம். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வரும், அதனால் இப்போதே தொடங்குவது நல்லது. நாற்பது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டி முழங்கால் வலி என்பார்கள். பஞ்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் சொந்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள். வழியில் யாரும் வரமாட்டார்கள்.

வாரத்தில் மூன்று நாள் சிறிய தூரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட தூரம். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்துவிடுங்கள். ஓய்வு நாளில்தான் தசை வலுப்பெறுகிறது. பயணத்துக்கு முன் ஒரு தடவையாவது 130 கிலோமீட்டர் போயிருந்தால் 200 கைக்கு எட்டும்.

சரித்திர வாத்தியார் போடும் பாதை எப்படி இருக்கும்? ஊர் ஊராகச் சரித்திரம்தான்!

முதல் மாதம் புள்ளலூர். நம் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 1780 செப்டம்பர் 10-இல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த இடம். அன்றைக்கு காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ தன் பெரும்படையோடு இருந்தார். அந்தப் பதினைந்து கிலோமீட்டரை முழுப் படையோடு நேரத்துக்குக் கடந்து போய்ச் சேரவில்லை. நீங்கள் போய்வாருங்கள்.

அடுத்து உத்திரமேரூர். போக வர சுமார் 60. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி வாரியத்துக்குப் பெயர் எழுத வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-க்கு மேல் போகக் கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே 43 என்பது பொறுப்பு எடுக்கும் வயதாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு வந்தவாசி, போக வர 80-க்கு மேல். 1760 ஜனவரி 22-இல் அயர் கூட், லாலியைத் தோற்கடித்து, தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவை முடித்த ஊர். வழியில் மாமண்டூரில் பல்லவர் குடைவரைகள். அங்கே கொஞ்சம் உட்காருங்கள். ஆனால் வெலோசியோ சொன்ன மாதிரி, ஓய்வு குறுகியதாக இருக்கட்டும்.

கடைசியாக, மார்கழிக் குளிரில் மாமல்லபுரம். செங்கல்பட்டு வழியாகப் போக வர சுமார் 130. பல்லவரின் தலைநகரிலிருந்து பல்லவரின் துறைமுகத்துக்கு. வாலாஜாபாத் பக்கம் லாரி அதிகம், விடிவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், ஒளிரும் மேல்சட்டை மூன்றும் இல்லாமல் இருட்டில் கிளம்பக் கூடாது. துணைக்கு இன்னொருவர் இருப்பது நல்லது.

சாப்பாடு? அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட நீர்மோர் போதும். கோயில் இட்லி அருமையானதுதான், மிளகும் நெய்யும் மணக்கும், ஆனால் ஒரு முழு இட்லியை விழுங்கிவிட்டு மிதித்தால் வயிறு மிதிக்கவிடாது. அதை ஊர் திரும்பியதும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் இருக்கும் மாணவர்கள் கை தூக்குங்கள். புள்ளலூர், உத்திரமேரூர், மாமண்டூர், வந்தவாசி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் யார் யார் இருக்கிறீர்கள்? ஞாயிறு காலை ஒரு சொம்பு மோர் கொடுக்க முடியுமா, பஞ்சர் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த இடத்தில் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: நீங்கள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியபோது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் யார்? அவர் இப்போது இருந்தால் இன்றைக்கே ஒரு போன் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்